இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள் ஆவி படிகிறது, கதவும் இடிக்கிறது: முழு ஜன்னலையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேட்டவர்:

வணக்கம். எங்கள் படுக்கையறையில் யூபிவிசி சட்டத்தில் பொருத்திய இரட்டைக் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கிறது. ஒரு பாதி திறக்க முடியாதபடி நிலையாக அமைந்தது. மறுபாதி பக்கவாட்டில் வெளிப்புறமாகத் திறக்கும் கதவு. நிலையான பாதியில் சில மாதங்களாகக் காலை வேளையில் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரிவதில்லை. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடுகிறது. ஆனால் கீழ் விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் வெளுத்த தடம் ஒன்று மட்டும் எந்நேரமும் அப்படியே இருக்கிறது. அறைக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் துடைத்துப் பார்த்தோம், போகவில்லை.

திறக்கும் கதவில் வேறு தொல்லை. மூடும்போது கைப்பிடிப் பக்கத்துக் கீழ்மூலை சட்டத்தில் இடிக்கிறது. சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் மூடுகிறது. கைப்பிடியைத் திருப்பவும் பலம் வேண்டியிருக்கிறது. மூடிய பிறகும் அந்தப் பக்கமாகக் காற்று நுழைகிறது.

பார்க்க வந்த ஒரு நிறுவனத்தார் சட்டத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொருவர் கண்ணாடியில் சிறு துளையிட்டு உள்ளே உலர்த்தித் தருவதாகச் சொல்கிறார். விளிம்பைச் சுற்றிச் சிலிக்கான் பூசினாலே போதும் என்றும் கேள்விப்பட்டோம். இம்மூன்றில் எது சரி என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (கண்ணாடி வேலை செய்பவர்):

வணக்கம் ஐயா. சட்டம் வளையாமல், மூலை இணைப்புகள் விடாமல், எங்கும் விரிசல் இல்லாமல் இருந்தால் முழு ஜன்னலையும் மாற்ற வேண்டிய தேவையே இல்லை. பழுதானது இரண்டு கண்ணாடிகளும் ஒன்றாக ஒட்டிய கண்ணாடித் தொகுதி மட்டும்தான்; சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதை மட்டும் கழற்றி மாற்ற முடியும்.

உள்ளே நடப்பது இதுதான். இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்துவதற்காக ஓரம் முழுவதும் ஸ்பேசர் என்னும் பட்டை ஓடுகிறது. அதனுள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிறுமணிகள் நிரப்பப்பட்டிருக்கும். பட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையில் பியூட்டைல் பசையும், அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கான் போன்ற இரண்டாவது அடைப்பும் இருக்கும். பகலில் உள்ளிருக்கும் வாயு சூடேறி விரிகிறது, இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. ஓர அடைப்பில் ஓரிடத்தில் பிடி விட்டுப்போனால், ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் வெளியிலுள்ள ஈரக்காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கப்படும். அந்த ஈரத்தை மணிகள் வெகுநாள் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அவற்றின் கொள்ளளவு நிரம்பிய பிறகுதான் முதல் ஆவி நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே ஆவி தெரிந்த நாளில் அடைப்பு பழுதாகிப் பல காலம் ஆகியிருக்கும்.

நீங்கள் சொல்லும் பிறைத் தடம் அதைவிட முற்றிய அறிகுறி. ஈரம் ஒரே இடத்தில் நெடுநாள் தங்கும்போது கண்ணாடியில் உள்ள காரப்பொருள் கசிந்து கண்ணாடியின் பரப்பையே அரித்துவிடுகிறது. அது படிந்த அழுக்கு அல்ல என்பதால் எந்தத் திரவத்தாலும் போகாது. துளையிட்டு உலர்த்தும் முறையை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முதல் காரணம். ஆவி தற்காலிகமாகக் குறையலாம். ஆனால் அரிப்பு மறையாது, ஆர்கான் வாயு நிரப்பியிருந்தால் அது திரும்பி வராது, விட்டுப்போன அடைப்பும் ஒட்டாது.

சிலிக்கான் பூசுவது பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன்: வேண்டாம். உள்ளே புகுந்த ஈரத்தை அது வெளியேற விடாது. கடைகளில் எளிதில் கிடைப்பவற்றில் பல, காயும்போது காடி போல் புளித்த வாடை வீசும் அமிலவகைச் சிலிக்கான். அது ஓர அடைப்பைத் தொட்டால் அந்த அடைப்பையே கெடுக்கக்கூடும். எங்கேனும் பூச நேர்ந்தால் நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி (ஜன்னல் பொருத்துபவர்):

மேலே சொன்னது அனைத்தும் சரி. நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுப்பதற்கு முன்னால், பழையது ஏன் கெட்டது என்று கண்டுபிடியுங்கள். அதைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

மழைநீர் சட்டத்துக்குள் ஒரு துளிகூட நுழையாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெளிப்பக்க ரப்பர் பட்டையான கேஸ்கட்டைத் தாண்டிச் சிறிது நீர் உள்ளே வரத்தான் செய்யும். அது கீழ்ச் சட்டத்தின் பள்ளத்தில் இறங்கி, அங்குள்ள துளைகள் வழியாக வெளியேறும்படிதான் சட்டமே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்தத் துளைகள் தூசியாலோ, பூச்சிக் கூட்டாலோ, சுவருக்குப் பூசிய சிமெண்டாலோ அடைபட்டால் பள்ளத்தில் நீர் தேங்கும். கண்ணாடித் தொகுதியின் கீழ்விளிம்பு அந்த நீரிலேயே நின்றுகொண்டிருக்கும். இவ்வகை ஓர அடைப்புகள் ஈரக்காற்றைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. நாள்கணக்கில் தண்ணீரில் ஊறுவதற்காக அல்ல. உங்கள் தடம் கீழ் விளிம்பில் தொடங்குவதால் எனக்கு இந்தச் சந்தேகமே முதலில் வருகிறது. வெளிப்பக்கம் கீழ்ச் சட்டத்தின் முகப்பில் நீளவாக்கில் சிறு துளைகளோ பிளாஸ்டிக் மூடிகளோ தெரிகின்றனவா என்று பாருங்கள்.

கேட்டவர்:

பார்த்தேன் ஐயா. இரண்டு மூடிகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் சுவர்ப்பூச்சு ஏறி முழுவதும் மூடியிருக்கிறது. மற்றதைக் கழற்றினால் உள்ளே மண் இறுகிக் கிடக்கிறது. கண்ணாடியை நானே கழற்றிச் சுத்தம் செய்து அளவு எடுக்கலாமா, அல்லது ஆளை அழைக்க வேண்டுமா?

மறுமொழி (ஜன்னல் பொருத்துபவர்):

தரைத்தளமாக இருந்து, கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் அறையின் உள்பக்கம் இருந்தால், துணைக்கு இன்னொருவருடன் நீங்களே செய்யலாம். மாடியாக இருந்தாலோ பீடிங் வெளிப்பக்கம் இருந்தாலோ வேலைக்காரரை அழைப்பதே நல்லது. எடையைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ இருக்கும். ஆகவே 4 மி.மீ. கண்ணாடிகள் இரண்டு கொண்ட தொகுதி சதுர மீட்டருக்கு 20 கிலோ. தடித்த கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம்.

அகலமான பட்டித் தகட்டை, நீளமான பீடிங்கின் நடுப்பகுதியில், பீடிங்குக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள கோட்டில் வைத்து ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டுங்கள். நடுவில் ஒரு விரல் நுழையும் அளவு எழும்பியதும் கையால் வளைத்து இழுத்தால் இரு முனைகளும் விடுபடும். மூலையில் தொடங்கினால் பீடிங்கின் சாய்வெட்டு முனை நொறுங்கும். எந்தப் பீடிங் எந்தப் பக்கம், எந்த முனை மேலே என்பதைப் பின்புறத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மேல் பீடிங்கைக் கடைசியாக எடுங்கள். அப்போது ஒருவர் உள்ளங்கையால் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்திருக்க வேண்டும், ஏனெனில் அதன் பிறகு அது அறைக்குள் சாயக்கூடும். சிலவற்றில் இருபுறம் ஒட்டும் நாடாவும் இருக்கும். அதை மெல்லிய பிளேடால் அறுத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

கண்ணாடி வெளியே வந்ததும், அதன் அடியில் இருந்த பிளாஸ்டிக் பேக்கிங் துண்டுகள் எங்கெங்கே இருந்தன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பள்ளத்தைச் சுத்தம் செய்து, துளைகளுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை விட்டு மண்ணை இளக்கி, ஒரு குவளை நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் முழுவதும் வெளிப்பக்கம் ஒழுகினால் போதும். அவசரப்பட்டுப் புதிய துளை போட வேண்டாம்: சட்டத்தின் நடு அறையில் எஃகுக் குழாய் இருக்கும், துளை அந்த அறைக்குள் போய்விட்டால் நீர் அங்கே இறங்கித் துருப்பிடிக்கச் செய்யும்.

அளவை வெளியே எடுத்த கண்ணாடியில்தான் எடுக்க வேண்டும். அகலம், உயரம் இரண்டையும் மூன்று இடங்களில் மில்லிமீட்டரில் அளந்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்றும் பாருங்கள். மொத்தத் தடிப்பு அதைவிட முக்கியம்: 4 மி.மீ. கண்ணாடி, 16 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. கண்ணாடி என்றால் 24 மி.மீ. பீடிங் அந்தத் தடிப்புக்கென்று செய்யப்பட்டது, 28 மி.மீ. தொகுதியை அங்கே பொருத்த முடியாது. பழைய கண்ணாடி டஃபன்டு (சூடேற்றி வலுப்படுத்திய) வகையாக இருந்தால் மூலையில் சிறு முத்திரை தெரியும். அதே வகையைத்தான் திரும்ப வாங்க வேண்டும், அதைப் பிறகு வெட்டவோ குறைக்கவோ முடியாது.

பொருத்தும்போது நிலையான பாதியில் அடியில் இரண்டு பேக்கிங், இரு முனைகளிலிருந்தும் அகலத்தில் கால் பங்கு தள்ளி வைக்கலாம். அவை வடிகால் துளையை மறைக்கக் கூடாது. கண்ணாடியின் விளிம்பு பள்ளத்தின் தரையைத் தொடவும் கூடாது.

மறுமொழி (கண்ணாடி வேலை செய்பவர்):

ஒரு சிறு சேர்க்கை. கழற்றும் முன்பே இருட்டிய பிறகு கைபேசி விளக்கைக் கண்ணாடிக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நான்கு பரப்புகளுக்கு நான்கு ஒளிப்புள்ளிகள் தெரியும். நான்கும் ஒரே நிறமாக இருந்தால் சாதாரணக் கண்ணாடி. ஒன்று மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தால் வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு உள்ள லோ-இ கண்ணாடி. அது எத்தனையாவது புள்ளி என்று குறித்துக் கொடுத்தால், செய்பவர் பூச்சை அதே பரப்பில் வைத்துத் தருவார். பொருத்தும்போது உள்புறம், வெளிப்புறம் மாறிவிடாமல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. கதவு இடிப்பதற்கும் இதே பேக்கிங்தான் காரணமா?

மறுமொழி (ஜன்னல் பொருத்துபவர்):

பெரும்பாலும் ஆம். பக்கவாட்டில் திறக்கும் கதவில் கண்ணாடிதான் சட்டத்தை மட்டமாக நிறுத்தும் முட்டு. கீல் பக்கத்துக் கீழ்மூலையில் ஒரு பேக்கிங், கைப்பிடிப் பக்கத்து மேல்மூலையில் ஒரு பேக்கிங் என்று குறுக்காக இறுக்க வேண்டும். அப்போது கைப்பிடிப் பக்கம் தொங்காது. அவை நகர்ந்திருந்தாலோ ஆரம்பத்திலேயே வைக்காமல் விட்டிருந்தாலோ நீங்கள் சொல்வது போல் கீழ்மூலை இடிக்கும். பீடிங்கைக் கழற்றி, கதவை மூடிய நிலையில் கைப்பிடிப் பக்கத்தைச் சற்றே உயர்த்தி, மேல்மூலையில் சற்றுத் தடித்த பேக்கிங் கொடுத்து, சுற்றிலும் இடைவெளி ஒரே சீராக வருகிறதா என்று பாருங்கள்.

அதன் பிறகும் தொங்கினால் கதவின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் உள்ள, கதவைத் தாங்கி மடியும் உலோகக் கீலான ஃபிரிக்‌ஷன் ஸ்டே தேய்ந்திருக்கும். கதவைத் திறந்து பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ரிவெட்டில் ஆட்டம் தெரியும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். நீளம் மட்டுமன்றி மடித்த நிலையில் உள்ள உயரமும் பொருந்த வேண்டும், 13 மி.மீ., 17 மி.மீ. என்ற இரண்டு அளவுகள் வழக்கத்தில் உள்ளன.

மறுமொழி (இதே பழுதைத் தம் வீட்டில் சரிசெய்தவர்):

காற்று நுழைவதற்கு எனக்குப் பயன்பட்ட சோதனை இது. ஒரு காகிதப் பட்டையைச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே வைத்துப் பூட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். எங்கே தடையில்லாமல் உருவிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் அழுத்தம் போதவில்லை. கதவின் ஓரத்தில் நீண்டிருக்கும் பூட்டுக் குமிழ்கள் மையம் விலகியவையாக இருந்தால் ஆலன் கீயால் (அறுகோணச் சாவியால்) சிறிது திருப்பி அழுத்தத்தைக் கூட்டலாம். கேஸ்கட் இறுகி நசுங்கியிருந்தால் அதே வடிவத்தில் புதியது வாங்கி, இழுத்து நீட்டாமல் பொருத்த வேண்டும்; நீட்டிப் பொருத்தினால் பிறகு சுருங்கி மூலையில் இடைவெளி விழும்.

கைப்பிடியைக் கதவு திறந்திருக்கும்போது திருப்பிப் பாருங்கள். அப்போது எளிதாகத் திரும்பினால் பூட்டில் குறை இல்லை, கதவு தொங்குவதுதான் காரணம். அப்போதும் இறுக்கமாக இருந்தால் சிலிக்கான் ஸ்பிரே அடித்து நாலைந்து முறை திருப்புங்கள்.

கேட்டவர்:

மேல்மூலைப் பேக்கிங் மாற்றியதில் கதவு இடிப்பது நின்றுவிட்டது, கைப்பிடியும் இலகுவாகிவிட்டது. வடிகால் இரண்டும் இப்போது ஓடுகின்றன. புதுக் கண்ணாடியும் பொருத்தியாயிற்று. ஆனால் இன்று அதிகாலையில் புதிய கண்ணாடியிலும் ஆவி தெரிந்தது. இதுவும் பழுதா என்று கவலையாக இருக்கிறது.

மறுமொழி (கண்ணாடி வேலை செய்பவர்):

எந்தப் பரப்பில் என்று விரலால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் தடவினால் அழிகிறது என்றால் அது பழுதல்ல: அறையின் வெப்பம் வெளிக் கண்ணாடிக்குக் கடத்தப்படாததால், தெளிந்த வானமுள்ள இரவில் அது சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்து பனி படிகிறது, வெயில் பட்டதும் போய்விடும். அறைப்பக்கம் அழிகிறது என்றால் அறைக்காற்றில் ஈரம் அதிகம். 20 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில், ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். துணி உலர்த்துவதை வேறிடத்துக்கு மாற்றிக் காலையில் சிறிது நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு பக்கமும் தடவி அழியாவிட்டால் மட்டும், செய்து கொடுத்தவரிடம் உத்தரவாதத்தில் மாற்றித் தரக் கேளுங்கள்.

கேட்டவர்:

வெளிப்பக்கம் தடவியதும் அழிந்துவிட்டது ஐயா. அனைவருக்கும் நன்றி.