எந்த ஒட்டுண்ணி யார் குடலில் தங்கும்? பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஜீனோம்பித்தன்:
வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியத்தின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிடுவதுதான் என் முனைவர் பட்ட வேலை. இதில் மனிதருக்கு அதிகம் வருபவை பார்வம், ஹோமினிஸ் என்ற இரண்டு இனங்கள். பார்வம் கன்றுக்குட்டியிலும் வளரும், மனிதரிலும் வளரும். ஹோமினிஸ் பெரும்பாலும் மனிதக் குடலை விட்டு நகராது. இரண்டின் மரபணுத் தொகுதியும் 2004-ல் வெளியாயின. தலா 8 குரோமோசோம், சுமார் 90 லட்சம் டிஎன்ஏ எழுத்து, ஏறக்குறைய 4,000 மரபணு. வித்தியாசம் 3 முதல் 5 சதவீதம்தான். மரபணுக்கள் அடுத்தடுத்து நிற்கும் வரிசைகூடப் பெரும்பாலும் ஒன்றே.

"அப்படியானால் மாட்டில் வளர வைக்கும் மரபணு எது?" என்றுதான் எங்கள் மாமா முதல் முனைவர் பட்ட ஆய்வுக் குழு வரை எல்லாரும் கேட்கிறார்கள். அப்படித் தனியாக ஒன்று கிடையாது. வேறுபாடுகள் குவிந்திருப்பது குரோமோசோம்களின் நுனிகளில். ஒட்டுண்ணி வெளியே சுரக்கும் மெடில் புரதங்கள், இன்சுலினேஸ் வகை புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) ஆகியவற்றின் பிரதிகள் ஒன்றில் கூடுதல், மற்றதில் குறைவு. தொல்லை என்னவென்றால், படித்த டிஎன்ஏ துண்டுகளைக் கணினியில் ஒட்டி முழுத் தொகுதியாக்கும்போது (அசெம்பிளி) அறுந்துபோவதும் அதே நுனிகள்தான். 2004-ல் வந்த ஹோமினிஸ் தொகுதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக இருந்தது. ஒரு மரபணு இல்லை என்று கணினி சொன்னால், உண்மையிலேயே இல்லையா, இடைவெளியில் விழுந்துவிட்டதா என்று மூல ரீடுகளை, அதாவது கருவி முதலில் படித்த துண்டுகளை, திரும்பப் பொருத்திப் பார்க்காமல் நம்ப முடியாது. என் பிஎச்டியில் பாதி இந்த வேலையிலேயே போய்விட்டது.

லேப், பண்ணை, வீடு, எதுவானாலும் சரி, நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

கன்று டாக்டர்:
இன்டர்ன்ஷிப்பில் கழிச்சல் கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாதவை, மஞ்சள் தண்ணீராகப் பீச்சும். ஆசிட் ஃபாஸ்ட் சாயம் போட்டால் 5 மைக்ரான் அளவில் சிவப்புப் பொட்டுகள், அவைதான் கிரிப்டோஸ்போரிடியத்தின் ஊசிஸ்ட் (தடித்த ஓடுள்ள, முட்டை போன்ற நிலை). கொஞ்ச நாளில் எங்கள் குழுவில் நான் உட்படச் சிலருக்கு வயிறு போக ஆரம்பித்தது. கன்றிடமிருந்து வந்ததால் பார்வம்தான் என்றார்கள், வகை பிரித்து யாரும் பார்க்கவில்லை. கைக்குச் சானிடைசர் தேய்ப்பது இதற்கு வீண். ஆல்கஹாலுக்கும் சரி, குழாய்த் தண்ணீரில் போடும் குளோரினுக்கும் சரி, ஊசிஸ்ட் அசைந்து கொடுக்காது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியாகச் சுமார் 4 லட்சம் பேருக்கு வந்தது இதே கிருமிதான். அப்போது சந்தேகம் மாடுகள் மேல் விழுந்தது. பின்னாளில், சேமித்து வைத்திருந்த சில சாம்பிள்களை மரபணு வைத்துப் பார்த்தபோது ஹோமினிஸ் என்று தெரிந்தது. மாடு பாவம்!

வேலூர்க்காரி:
நம்ம ஊரிலும் அப்படித்தான். களப்பணிக்குப் போகும் வீடுகளில் வாசலிலேயே மாடு கட்டியிருக்கும், குழந்தை அங்கேயே தவழும். ஆனாலும் வேலூரில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் அதிகம் கிடைத்தது ஹோமினிஸ்தான். வீட்டில் கேட்டால் எல்லாரும் மாட்டைத்தான் காட்டுவார்கள்.

நாமக்கல் பண்ணை:
நான் பிராய்லர் வளர்க்கிறேன். மழை பிடித்து, கொட்டகைத் தரையில் பரப்பும் மஞ்சி ஈரமானால் போதும், ரத்தக் கழிச்சல் வந்துவிடும். செத்த குஞ்சை அறுத்தால் குருட்டுக்குடல் ரத்தம் கட்டி வீங்கிக் கிடக்கும். அதே மஞ்சியைத் தினமும் நாங்கள் கிளறுகிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஆனால் எங்கள் ஆட்டுக்குட்டிக்கும் இந்தக் கழிச்சல் நோய்தான், காக்சி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோழியிடமிருந்து ஒட்டியதா தம்பி?

ஜீனோம்பித்தன்:
இல்லை அண்ணே. இரண்டுக்கும் காரணம் ஐமீரியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணிதான் என்றாலும் ஆட்டுக்கு உள்ள இனங்கள் வேறு, கோழிக்கு வேறு. கோழிக்கென்றே நெடுநாளாக அறிந்த 7 இனங்கள் உண்டு, ஒவ்வொன்றும் குடலில் தனக்கான பகுதியைப் பிடித்துக்கொள்ளும். குருட்டுக்குடலில் ரத்தம் என்றால் பெரும்பாலும் ஐமீரியா டெனெல்லா. ஏழின் மரபணுத் தொகுதிகளையும் 2014-ல் ஒன்றாக வெளியிட்டார்கள். மேற்பரப்புப் புரதங்களுக்கான மரபணுக் குடும்பம் இனத்துக்கு இனம் ரொம்பவே மாறுகிறது. வேடிக்கை என்னவென்றால், இதன் உறவுக்கார ஒட்டுண்ணி டாக்சோபிளாஸ்மா பறவை, பாலூட்டி என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் நுழைகிறது. ஆனால் அதுவும் பாலினப் பெருக்கத்துக்குப் பூனைக் குடலைத்தான் தேடிப் போக வேண்டும்.

யாழ்வாசி:
எல்லாரும் ஒற்றைச்செல் உயிரிகளைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கட பக்கத்துக் கொக்கிப்புழுவையும் சேருங்கோ. அன்சைலோஸ்டோமா சிலானிக்கம், 1911-ல் லூஸ் என்பவர் இலங்கைப் புனுகுப்பூனையில் கண்டு விவரித்தது. நாய், பூனை, மனிதர் மூன்றிலும் வளர்ந்து முட்டை இடும். இன்னொரு கொக்கிப்புழுவான நெக்காடர் அமெரிக்கானஸ் அப்படியில்லை, அதற்கு மனிதர்தான் முதன்மை. நெக்காடரின் தொகுதி 2014-லும் சிலானிக்கத்தின் தொகுதி 2015-லும் வந்தன. ஆனால் முட்டையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எது எதென்று பிரிக்க ஏலாது. என் மருமகளின் மல றிப்போட்டில் வெறும் "கொக்கிப்புழு" என்றுதான் இருந்தது. குளிசை குடுத்தாச்சு. வீட்டு நாய்க்கும் சேர்த்துக் குடுக்கச் சொன்னது மிருக வைத்தியர்தான், பிள்ளையைப் பார்த்த டொக்டர் நாயைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பழைய மைக்ரோபயாலஜி:
விருந்தோம்பி எல்லை, அதாவது எந்த ஒட்டுண்ணி எந்த உயிரில் வாழும் என்ற கோடு, இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மனிதரின் உருளைப்புழு லும்பிரிகாய்டிஸ், பன்றியினுடையது சூவம் என்று காலம்காலமாக வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். 2020-ல் வெளியான ஆய்வில், கென்யக் கிராம மக்களிடம் எடுத்த புழுக்களின் டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் பார்த்தால், இரண்டின் சாயலும் ஒரே புழுவில் கலந்து கிடக்கிறது. இவை தனித்தனி இனங்களா என்பதே எனக்கு இப்போது சந்தேகம். பன்றி வளர்க்கும் ஊர்களில் மனிதருக்கு மட்டும் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு வருவதும் சரியாகப் படவில்லை.

ஜீனோம்பித்தன்:
சார், உங்கள் சந்தேகத்தில் நானும் பாதி உண்டு. பார்வத்துக்குள்ளேயே மனிதரிடம் மட்டும் சுற்றும் ஒரு கிளை இருக்கிறது. வகை பிரிக்கப் பயன்படும் ஜிபி60 மரபணுவை வைத்து அதை IIc என்பார்கள். அதனால் இனப் பெயரை மட்டும் வைத்து "மாட்டிலிருந்து வந்தது" என்று எழுதும் ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

கன்று டாக்டர், உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கழிச்சல் சீசனில் சாம்பிளை ஃபார்மலினில் போடாதீர்கள், டிஎன்ஏ கெட்டுவிடும். 2.5% பொட்டாசியம் டைகுரோமேட்டில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

கன்று டாக்டர்:
சரி. மார்கழியில் கன்று நிறைய வரும். ஐஸ் பெட்டி மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள், எங்களிடம் இருந்ததை யாரோ மீன் வாங்க எடுத்துப் போய்விட்டார்கள்.