மறு: மல்டிகிகாபிட் போர்ட்டுக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

வேளச்சேரி மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டு ரவுட்டர் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை கொடுத்தாக வேண்டும். ரவுட்டருக்குத் 'திசைவி' போட்டாயிற்று, அதை மறுபடி கிளற வேண்டாம், கும்பிடுகிறேன்.

சிக்கல் மல்டிகிகாபிட் போர்ட்டில். பெட்டியின் பின்னால் கேபிள் செருகும் ஐந்து போர்ட். வேகம் நான்குக்கு நொடிக்கு 1 கிகாபிட், ஒன்றுக்கு மட்டும் 2.5; அதற்குத்தான் அந்தப் பெயர். போர்ட்டைத் 'துறை' ஆக்கி, 'பல கிகாபிட் துறை' என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் மகன், "அதான் நாலு இருக்கே, எதுல செருகணும்?" என்கிறான். 'பல' கிகாபிட்டோடு நிற்காமல் துறையோடு போய் ஒட்டிக்கொள்கிறது. வாங்குகிறவரும் ஏதோ ஒன்றில் செருகிவிட்டு, வேகம் வரவில்லை என்று போன் போடுவார். பின்பக்க ஸ்டிக்கரில் ஏழெட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.

அப்புறம், லிங்க் அக்ரிகேஷனுக்கும் ஒரு சொல் தேவை. இரண்டு போர்ட்டைச் சேர்த்து ஒரே இணைப்பாக ஆக்குவது.

மயிலாப்பூர் புலவர்:

அம்மா, 'பல கிகாபிட் துறை' என்பது சொல்லே அன்று, சொற்களின் வரிசை. அடையைப் 'பல்' என்று நிறுத்திப் புணர்த்துங்கள். பல்+தொடை பஃறொடை. அல்+திணை அஃறிணை. பல்+துளி பஃறுளி, புறநானூற்றில் வரும் ஆறு. அவ்விதிப்படி பல்+துறை 'பஃறுறை'. நான்கே எழுத்து, ஸ்டிக்கரில் தாராளமாக அடங்கும். பஃறுளியாறு கடலுள் போன செய்தியைச் சிலப்பதிகாரமும் சொல்வதால், ஆறு–துறை–கடல் என்று ஒரு தொடர்ச்சியும் கிடைக்கிறது. அந்த ஆறு எங்கே ஓடியது என்பது பற்றித் தனியே எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்:

தனியே என்றால் தனி இழையில், ஐயா. போன முறை குமரிக்கண்டத்திலிருந்து திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று.

அம்பத்தூர் நெட்வொர்க் ஆள்:

புலவர் ஐயா, பஃறுறை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பல துறைகள் என்றல்லவா பொருள்? அம்மா தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான்.

பொருளை ஒருமுறை பார்த்துவிடலாம். செப்புக் கம்பியில் 1 கிகாபிட்டுக்கான தரம் வந்தது 1999இல். நம் சென்னையில் தமிழ் இணையம் 99 மாநாடு நடந்த அதே ஆண்டு. அந்தப் போர்ட்டில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் ஆயிரத்தில் சுமார் 940 மெகாபிட்தான் காட்டும். மீதி முகவரித் தலைப்புகளுக்கும் இடைவெளிகளுக்கும் போய்விடும், அது கோளாறு இல்லை. 10 கிகாபிட் 2006இல் வந்தது, ஆனால் 100 மீட்டர் ஓட கேட் 6ஏ கேபிள் கேட்டது. சுவருக்குள் ஏற்கெனவே இழுத்த ஒயரை யார் பிடுங்குவார்கள்? அதனால்தான் 2016இல் நடுவே 2.5, 5 என்று இரண்டைப் புகுத்தினார்கள். 2.5 பழைய கேட் 5இ கேபிளிலேயே 100 மீட்டர் ஓடும்.

ஆக மல்டி என்பது எண்ணிக்கை இல்லை, எதிர்முனை எவ்வளவு தாங்குமோ அதற்கேற்ப இறங்கிக்கொள்ளும் குணம். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டால் 'டூ பாயின்ட் ஃபைவ் போர்ட்' என்றுதான் எடுத்துக் கொடுப்பார்கள். பேசாமல் '2.5 துறை' என்று போடுங்கள்.

திருவான்மியூர் ஆசிரியை:

'2.5 துறை' என்றால் எந்த அமைச்சரின் கீழ் வருகிறது என்று என் மாணவர்கள் கேட்பார்கள்! எனக்குத் துறையில் மறுப்பில்லை. ஆனால் 'கிகா'வா 'ஜிகா'வா? வகுப்பில் இரண்டும் ஓடுகிறது.

மயிலாப்பூர் புலவர்:

இரண்டும் வேண்டாம். பரிபாடல் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று பேரெண்களை அடுக்குகிறது. கிகா என்பது நூறு கோடி; இவற்றில் ஒன்றை அதற்கு வைத்துக்கொள்வோம். 'ஆம்பல் துறை'. இதைவிட இனிய சொல் உண்டோ?

அம்பத்தூர் நெட்வொர்க் ஆள்:

ஆம்பலுக்கு எத்தனை சுழியம் என்று உரைகாரர்கள் முதலில் ஒத்துப்போகட்டும், ஐயா.

பல்லாவரத்துக்காரர்:

நீண்ட நாள் வாசகன், முதல் மடல். கிகா என்பதன் வேர் கிரேக்கத்தில் அரக்கன், பேருருவம். அதைப் 'பெரு' என்று கொண்டால் 'பெருந்துறை'. ஐந்தெழுத்து. யாருக்கும் விளக்க வேண்டாம்.

திருவான்மியூர் ஆசிரியை:

ஈரோட்டுப் பக்கம் ஊர் இருக்கிறதே! மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறையும் இருக்கிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணம் கோயிலுக்குப் போன இடம். குதிரைகள் நரியாகி, வையை பெருகி, இறைவன் பிட்டுக்கு மண் சுமந்ததும் அதே கதையில்தான். கிகாபிட்டும் பெருந்துறையும் இப்படி ஒன்றுசேரும் என்று நினைக்கவே இல்லை.

அம்பத்தூர் நெட்வொர்க் ஆள்:

மற்ற நான்கும் கிகாதானே? வேரைப் பார்த்தால் அவையும் பெருந்துறையே. இருந்தாலும் கேட்டவுடன் 'மற்றதைவிடப் பெரியது' என்று புரிகிறது. எனக்குச் சம்மதம்.

மயிலாப்பூர் புலவர்:

அக்ரிகேஷனுக்காவது என் சொல்லைக் கொள்ளுங்கள்: 'இருபுரி'. கயிற்றின் புரி, முப்புரி நூல் என்பது போல. திரட்டல் என்றால் வலைப்பதிவுத் திரட்டி நினைவுக்கு வருகிறது.

அம்பத்தூர் நெட்வொர்க் ஆள்:

கயிற்றில் எல்லாப் புரியும் சேர்ந்து இழுக்கும். இங்கே அப்படி நடப்பதில்லையே. இரண்டு 1 கிகாபிட் போர்ட்டைச் சேர்த்தாலும், வழக்கமான அமைப்பில் ஒரு கோப்பின் பதிவிறக்கம் ஏதாவது ஒன்றன் வழியாகத்தான் போகும். முகவரியையும் எண்ணையும் கணக்குப் போட்டு ரவுட்டர் அதை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. பலர் ஒரே நேரத்தில் இறக்கினால்தான் இரண்டும் நிரம்பும். 'இருபுரி' என்றால் வேகம் இரட்டிப்பாகும் என்று நம்பி வாங்கிவிடுவார்கள். விற்கிறவர்களுக்கு வேண்டுமானால் மகிழ்ச்சியாக இருக்கும்.

பல்லாவரத்துக்காரர்:

'கூட்டுத்துறை'?

திருவான்மியூர் ஆசிரியை:

கூட்டுறவுத் துறை. ரேஷன் கடை.

வேளச்சேரி மொழிபெயர்ப்பாளர்:

இன்று வியாழன் இரவு. இதுவரை பேசியதில் மூன்று பேர் பெருந்துறை பக்கம், புலவர் ஐயா எதிர். ஸ்டிக்கரில் '2.5 பெருந்துறை', உள்ளே முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கம். அக்ரிகேஷனுக்கு 'இணைப்புத் திரட்டல்' என்று வைத்து அனுப்புகிறேன், மனமில்லாமல்தான்.

அம்பத்தூர் நெட்வொர்க் ஆள்:

சரி அம்மா. இரண்டு வரி மட்டும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். ஒன்று, அந்த ஒரே பெருந்துறையை ஃபைபர் பெட்டிக்குக் கொடுத்துவிட்டால் வீட்டுக்குள் மிஞ்சுவது 1 கிகாபிட் போர்ட்தான். ஒயரில் போட்ட எந்தத் தனிக் கணினியும் 940ஐத் தாண்டாது. இரண்டு, கணினியின் போர்ட்டும் 2.5 ஆக இருக்க வேண்டும். வரும் புகாரில் பாதி இங்கேதான் கிளம்புகிறது.

மயிலாப்பூர் புலவர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. 'திரட்டல்' தொழிற்பெயர்; திரட்டப்பட்டதற்கு அது எப்படிப் பெயராகும்? 'திரட்டு' என்று நிறுத்தியிருக்க வேண்டும். பஃறுளி பற்றிய மடலின் முதல் பகுதியைத் தனி இழையில் இட்டிருக்கிறேன்.