நிரையேற்பு: மூளைக்கு ஒரு தோட்டத்துச் சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

ஓர் உறுப்பு போனபின் மூளையில் அதற்குரிய இடத்தைப் பக்கத்து உறுப்புகள் எடுத்துக்கொள்வதை ஆங்கிலத்தில் cortical remapping என்பார்கள். அதற்குத் தமிழில் சேர் முன்வைத்த 'மறுவரைபடமாக்கம்' எனக்கு ஒட்டவில்லை. நீளத்தை விடுங்கள், யாரோ உட்கார்ந்து பழைய படத்தை அழித்துப் புதிதாகக் கீறுவதுபோல் இருக்கிறது.

விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் பரப்பை மின்சாரத்தால் தூண்டி, எந்த இடம் எந்த உறுப்புக்கு என்று மூளை அறுவை மருத்துவர்களான பென்பீல்டும் போல்ட்ரேயும் 1937இல் எழுதினார்கள். முதுகுக்குக் கொஞ்ச இடம், உதட்டுக்கும் விரலுக்கும் தாராளம். கைக்குப் பக்கத்திலேயே முகம். 1980களில் நரம்பியல் ஆய்வாளர் மெர்செனிச்சின் குழுவினர் குரங்கின் ஒரு விரலை அகற்றிப் பார்த்தார்கள். சில மாதங்களில் அதன் இடத்தில் பக்கத்து விரல்களின் தொடுகை பதிவாகியிருந்தது.

இதைப் படித்ததும் எனக்குத் தேயிலை மலைதான் ஞாபகம் வந்தது. கொழுந்துக்குப் போன அம்மா சொல்வார்: ஒருத்தி பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) வராவிட்டால் அவளுடைய நெரை, அதாவது அவள் கொழுந்தெடுக்கும் செடி வரிசை, சும்மா கிடக்காது. இரண்டு பக்கத்திலும் நிற்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கை நீட்டி எடுத்துவிடுவார்கள். ஆகவே 'நிரையேற்பு'. (பேச்சில் நெரை, எழுத்தில் நிரை.)

எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) மாமா ஒருவருக்குக் கொழுந்து உருட்டும் ரோலரில் வலது கை போனது. சவரம் செய்யும்போது கன்னத்தில் பிளேடு பட்டால், இல்லாத பெருவிரல் கூசுகிறது என்பார். நாங்கள் சிரிப்போம். நரம்பியல் ஆய்வாளர் ராமச்சந்திரன் 1990களில் இதே மாதிரி ஆட்களைப் பார்த்துவிட்டு, முகம் கையின் இடத்துக்குள் வந்துவிட்டது என்றார். அப்புறம் வந்த ஸ்கேன் ஆய்வுகள் அதை அவ்வளவு லேசாக ஏற்கவில்லை. போன கையை அசைப்பதாக நினைக்கச் சொன்னால், பல ஆண்டுகள் கழித்தும் பழைய கை இடமே வேலை செய்கிறதாம்.

இங்கேதான் 'மறுவரைபடம்' சறுக்குகிறது, நிரையேற்பு நிற்கிறது. அடுத்தவள் கொழுந்தை எடுத்தாலும் செக்ரோலில் (தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பதிவேட்டில்) பழைய பெயர் வெட்டப்படுவதில்லையே!

பாடசாலைக் கணிதத்தில் நிரை, நிரல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். கால், உடம்பு, கை, முகம் என்று இந்தப் படமும் வரிசையில்தானே போகிறது. 'நிரையேற்றம்' மட்டும் வேண்டாம், கொழுந்துக் கூடையோடு மலை ஏறுவதுபோல் ஆகிவிடும்.

பிள்ளைகளின் மூளையில் மிஞ்சிய நரம்பு இணைப்புகள் களையப்படுவதற்கு, தேயிலைச் செடியை வெட்டிவிடுவதைச் சொல்லும் 'கவ்வாத்து' என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன். அதை அடுத்த மடலில் எழுதுகிறேன், இப்போதே சண்டைக்கு வராதீர்கள்.

ஹட்டனிலிருந்து