மனநல வார்டில் வேலை: பயிற்சிக்குப் போனால் இந்தச் சோர்வு போகுமா?

சாட்ஸ்வர்த் நர்ஸ்:
தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் மனநல வார்டில் இருக்கிறேன். சட்டப்படி கட்டாயச் சிகிச்சைக்கு வருபவர்களை 72 மணி நேரம் கவனித்து, தேவைப்பட்டால் மனநல மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும், ஆனால் அங்கே படுக்கை கிடைக்காமல் நாள்கணக்கில் எங்களிடமே கிடக்கிறார்கள். போன வாரம் ஒரு நோயாளி என்னோடு வேலை செய்யும் பெண்ணை அறைந்துவிட்டார். அவள் முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போனாள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போதெல்லாம் நோயாளி பேசினால் என் காதில் ஏறுவதே இல்லை. மேலே இருப்பவர்கள் மனஅழுத்தப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். போகலாமா?

பீனிக்ஸ் அண்ணன்:
போம்மா. நான் நடைப்பயிற்சியும் வெள்ளிக்கிழமை கோயிலும் வைத்துத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
அண்ணா சொல்வது தப்பில்லை, ஆனால் கோயிலுக்குப் போய்வந்து மறுபடி அதே ரோஸ்டருக்குள், அதே ஷிப்ட் பட்டியலுக்குள்தானே நுழைகிறோம்? பர்ன்அவுட் என்கிற இந்தச் சோர்வு வேலையிடத்து அழுத்தத்தைச் சரியாகக் கையாளாமல் விட்டதால் வருவது என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது, நோய் என்று சொல்லவில்லை. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகுவது, செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும்தான் அடையாளம். காதில் ஏறவில்லை என்றாயே தங்கச்சி, அது இரண்டாவது.

வேலைப்பளு ஆளை வற்றச் செய்யும். ஆனால் ஈடுபாட்டைக் கொல்வது பெரும்பாலும் வேறு: நம் பேச்சுக்கு மதிப்பில்லாதது, ரோஸ்டர் கடைசி நேரத்தில் மாறுவது, அடிபட்டவளை உட்காரவைத்துப் பேசாதது. லைஃப் எசிடிமெனி என்ற மனநலப் பராமரிப்பு நிலையங்களிலிருந்து நோயாளிகளை மாற்றும் முன்பே மனநல மருத்துவர்கள் எச்சரித்தார்கள், கவுதெங் மாகாணச் சுகாதாரத் துறை கேட்கவில்லை, 144 பேர் இறந்துபோனார்கள். சொன்னால் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை போனபின் எந்த நர்ஸ் மனசு வைத்து வேலை செய்வாள்?

நான் பொறுப்பேற்ற வார்டில் ரோஸ்டரை ஒரு மாதம் முன்பே ஒட்டினோம், ஏதாவது நடந்தால் அதே ஷிப்டில் எல்லோரும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினோம். ஆள் பற்றாக்குறை தீரவில்லை, ஆனாலும் லீவு போடுவது குறைந்தது. அப்புறம், அவள் அடிபட்டதைப் பணியிடக் காயம் என்று பதிவு செய்தார்களா? தகவல் கிடைத்த 7 நாளுக்குள் இழப்பீட்டு ஆணையருக்கு முதலாளி தெரிவிக்கவேண்டும்.

சாட்ஸ்வர்த் நர்ஸ்:
இல்லைக்கா, வார்டு நோட்டில் ஒரு வரிதான். நாளைக்கு அவளோடு போய் எழுதிக் கேட்கிறேன். யூனியனுக்கும் ஒரு பிரதி கொடுக்கவா?

மாரிட்ஸ்பர்க் அக்கா:
கொடு. தேதி போட்டு, வாங்கியவர் கையெழுத்தும் வாங்கு.