பனி குறைந்ததும் ஸ்னோமொபைல் சூடாகிறது, என்ன செய்யலாம்?

உப்புவெளி மெக்கானிக்:
வணக்கம். நான் திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்துகிறேன். தம்பி கனடாவில், சட்பரிப் பக்கம். அவனிடம் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் பழைய ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் வண்டி ஒன்று இருக்கிறது. இம்முறை பனி குறைவாம். ஏரியில் வெறும் ஐஸில் கொஞ்சத் தூரம் ஓடினாலே வெப்ப விளக்கு எரிகிறது. புதுப் பனிக்குள் விட்டால் அணைந்துவிடுகிறது. கூலன்ட் அளவு சரி, பம்பும் சரி. தெர்மோஸ்டாட்டை, அதாவது கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வை, கழற்றச் சொல்கிறார்களாம். வீடியோவில் பார்த்தேன், ரேடியேட்டரே இல்லை. சூடு எப்படி வெளியே போகிறது?

ஒன்ராறியோ திருமலையான்:
அண்ணை, சூடு பனிக்குத்தான் போகிறது. வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டிதான் ட்ராக். அது சுற்றுகிற, மேலே மூடிய உலோகக் கூடான டனலின் உட்புறத்தில் கூலன்ட் ஓடும் அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும். ட்ராக் வாரி எறியும் பனி அதில் பட்டு உருகும்போது கூலன்ட் குளிர்கிறது. வெறும் ஐஸில் எறிய எதுவும் இல்லை. தண்ணீரை இழுத்துக் குளிர்கிற அவுட்போட் மோட்டரைத் தண்ணீருக்கு மேலே தூக்கி ஓட்டுகிற நிலைதான். புதுப் பனியில் விளக்கு அணைவது நல்ல அடையாளம். தெர்மோஸ்டாட்டில் கை வைக்க வேண்டாம்.

ஐஸ் ஸ்க்ராட்சர் ஒரு சோடி பூட்டச் சொல்லுங்கள். பின் சஸ்பென்ஷன் ரெயிலில், அதாவது ட்ராக்குக்கு உள்ளே நீளமாக இருக்கும் சட்டத்தில், பூட்டுகிற ஸ்பிரிங் கம்பி அது. நுனி ஐஸைக் கீற, ட்ராக் அந்தத் தூளை மேலே எறியும். ரிவர்ஸ் எடுத்தால் சில வகைகள் வளைந்துவிடும், கேபிள் வகை தாங்கும்.

உப்புவெளி மெக்கானிக்:
நன்றி தம்பி. பிளாஸ்டிக் கருகும் வாசமும் வருகிறதாம். விசிறியோடு சின்ன ரேடியேட்டர் கூட்டினால் இரண்டும் தீருமா?

ஒன்ராறியோ திருமலையான்:
எஞ்சின் சூடு குறையும், அப்படிப் பூட்டி ஓடுபவர்கள் இருக்கிறார்கள். கூலன்ட் லைனில் காற்று நிற்காமல் எடுத்துவிட வேண்டும். வாசம் அதனால் போகாது. அது பெரும்பாலும் ஸ்லைடர், ரெயிலின் அடியில் ஓடும் பிளாஸ்டிக் பட்டை. ட்ராக்கின் இரும்புக் கிளிப்புகள் அதில் உரசி ஓடுகின்றன, வழுக்க விடுவது பனி. காய்ந்தால் உருகிக் கிளிப்பில் ஒட்டும். தேய்மானக் கோடு வரை போயிருந்தால் உடனே மாற்றட்டும். அப்புறம் ரெயிலில் ட்ராக்கைத் தாங்கி உருளும் போகி சில்லு கூட்டினால் பாரத்தில் ஒரு பங்கு சில்லுக்குப் போகும்.

குளிர்நாட்டு ஓட்டி:
ஸ்கீக்கு, அதாவது முன்னால் இருக்கும் சறுக்குப் பலகைக்கு, சில்லு பூட்டும் கிட்டும் விற்கிறார்கள். றோட்டைக் கடக்க நல்லது, ஸ்கீயின் அடியில் இருக்கிற கார்பைட் என்ற கடின உலோகப் பட்டை தேயாது. சூட்டுக்கு உதவாது.

உப்புவெளி மெக்கானிக்:
தம்பியைப் பார்க்கச் சொன்னேன். ரெயிலில் ஸ்க்ராட்சருக்கான ஓட்டை இருக்கிறது, கம்பி இல்லை. பட்டையும் கோடு வரை தேய்ந்துவிட்டது. இரண்டையும் வாங்கிப் பூட்டும்வரை வண்டியை எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். ரேடியேட்டர் வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு பார்க்கிறோம்.