நினைவே இல்லாத முற்பிறவி எப்படி என்னுடையதாகும்?

பட்டர்வொர்த் அன்பர்:
வணக்கம். எங்கள் அம்மன் கோயிலில் குடமுழுக்குத் திருப்பணி நடைபெறுகிறது. கலாகர்ஷணம் செய்து அம்மனின் ஆற்றலைக் கும்பத்திற்கு மாற்றிப் பாலாலயம் எனும் தற்காலிகச் சன்னதியில் எழுந்தருளச் செய்துவிட்டு, பழைய விமானத்தின் சுதைகளை உடைத்துப் புதிதாக அமைக்கிறார்கள். மறுபிறவியும் இத்தகையதே என்று ஒரு பெரியவர் விளக்கினார். உடலணுக்கள் ஏழாண்டுக்கு ஒருமுறை முற்றிலும் மாறியும் நாம் நாமாகவே இருக்கிறோமே என்பது அவர் வாதம். கும்பத்தில் ஏறுவது இன்னதென்று ஆகமம் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒரு பிறவியிலிருந்து மறு பிறவிக்கு உடல், மொழி, உறவு, நினைவு ஆகிய எதுவுமே செல்லாதபோது, யாரோ ஒருவர் செய்த வினையின் பயனை நான் ஏன் நுகர வேண்டும்?

ஆய்வகப் பணியாளர், ஈப்போ சாலை:
அந்த ஏழாண்டுக் கணக்கு சரியன்று. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது; எலும்பு ஆண்டுக்குச் சுமார் 10 விழுக்காடு புதுப்பிக்கப்படுகிறது; பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களோ பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் அவையே. ஆகவே, இந்த வாதத்தைப் பெரியவர் கைவிடுவது நல்லது.

சித்தாந்த மாணவர், பிரிக்பீல்ட்ஸ்:
மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடலுக்கு வேறாக உயிர் உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. உறங்கும்போது உடல் அப்படியே கிடந்தும் நுகர்ச்சியும் செயலும் இல்லை என்பது அவற்றுள் ஒன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. புதிய உடலைச் சார்ந்ததும் அதன் அறிவு அவ்வுடலின் அளவாகிவிடுவதால் பழைய நினைவு எழுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுடலோடு வினை மட்டும் தொடர்கிறது. அவ்வினைப்பயனும் தண்டனையன்று, மலம், அதாவது உயிரைப் பற்றிய மாசு, பக்குவப்படுவதற்கான வழி என்பதே எங்கள் கொள்கை.

மணிமேகலை வாசகர், ஜார்ஜ் டவுன்:
ஐயா, உங்கள் கேள்வியை மணிமேகலைக் காப்பியம் நேராகவே எதிர்கொள்கிறது. அதுவும் நமக்கு அண்டையிலுள்ள சாவகத்தை (ஜாவாவை) வைத்து. மணிபல்லவத் தீவில் உண்ணாமல் உயிர்விட்ட ஆபுத்திரன் சாவகத்தில் புண்ணியராசனாகப் பிறக்கிறான். மணிமேகலையின் சொற்படி மீண்டும் அத்தீவுக்கு வந்து, பழம்பிறப்பை உணர்த்தும் புத்த பீடிகையைக் (புத்தரின் இருக்கையை) கண்டு பழம்பிறப்பை உணர்ந்த பின், புன்னை நிழலில் மணலைத் தோண்டித் தன் முன்னை உடலின் எலும்புகளையே காண்கிறான். அவனைத் தேடி வந்து அங்கேயே மாண்ட ஒன்பது வணிகரின் எலும்புகளையும் காட்டி, உன் உயிரையும் பிறர் உயிரையும் போக்கிய நீ கொலைகாரன் அல்லவா என்று அத்தீவின் காவல் தெய்வமான தீவதிலகை வினவுகிறாள். நிலையான ஆன்மாவை ஏற்காத பௌத்தத்தில் இந்தக் குற்றச்சாட்டு எப்படி ஒட்டும்? மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்ன விடை இங்கே உதவும். மாங்கனி திருடியவன், நீ நட்ட வித்து வேறு, நான் பறித்த கனி வேறு என்று வாதாடினாலும் தப்ப முடியாது, ஏனெனில் அந்த வித்திலிருந்தே இக்கனி வந்தது. முன்னவனும் பின்னவனும் ஒருவரும் அல்லர், வேறானவரும் அல்லர். காரண காரியத் தொடர்ச்சியே போதும். என்னளவில், நுண்ணுடலைக் காட்டிலும் இது சிக்கனமான விளக்கம்.

பட்டர்வொர்த் அன்பர்:
நன்றி. ஆயினும், பீடிகையின் முன் நினைவு திரும்பிய பிறகுதானே புண்ணியராசன் மீது அந்தக் குற்றம் சாட்டப்படுகிறது? நினைவில்லாதவனிடம் அப்படிக் கேட்பது பொருந்தாது என்று காப்பியத்தை இயற்றிய சாத்தனாருக்கும் தோன்றியிருக்க வேண்டும். மாங்கனித் திருடனும் தான் பறித்ததை மறந்தவனல்லன். சித்தாந்த அன்பர் சொல்வதுபோல் தண்டனை இல்லை என்று வைத்துக்கொண்டால் என் கேள்வியின் கூர்மை சற்றுக் குறைகிறது என்பதை ஒப்புகிறேன். ஆனால் பிறவியிலேயே நோயோடு வந்த குழந்தையின் பெற்றோரிடம், இது மலம் பக்குவப்படும் வழி என்று சொல்ல எனக்கு வாய் வராது. சித்தாந்த அன்பரே, அதை உங்கள் வகுப்பில் எப்படி விளக்குகிறார்கள்?