கரைப்பான் ஆவி மீட்பு: சவ்வின் பிரிதிறன் முக்கியமா, அழுத்த விகிதமா?

கேள்வி:
ஹெக்சேன் என்ற கரைப்பானில் கழுவிய பொருளை நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துகிறோம். வெளியேறும் வாயுவில் ஏறத்தாழ 1 சதவீதம் ஹெக்சேன் இருந்தும், 0 டிகிரி செல்சியஸில் இயங்கும் கண்டென்சரில் (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கருவி) ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. ஆவியைப் பிரித்துச் செறிவாக்க சிலிக்கோன் ரப்பர் சவ்வு பொருத்த எண்ணுகிறோம். பிரிதிறன் (நைட்ரஜனைவிட ஹெக்சேனை எத்தனை மடங்கு எளிதாகக் கடத்தும் என்ற அளவு) மிகுந்த சவ்வைத் தேடுவதுதான் முதல் வேலையா?

மறுமொழி 1:
கண்டென்சர்மேல் குற்றமில்லை. 0 டிகிரியில் ஹெக்சேனின் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 6 சதவீதம். அதற்குக் குறைந்த செறிவில் எதுவும் திரவமாகாது. எனவே சவ்வு அந்த 1 சதவீதத்தை 6க்கு மேல் உயர்த்தித் தர வேண்டும். ஆனால் சவ்வைக் கடந்த பக்கத்தில் ஆவியின் பகுதியழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆவியின் பங்கு) உள்வரும் பக்கத்தைவிட மிகாது என்பதால், செறிவு பெருகும் மடங்கு இரு பக்க மொத்த அழுத்தங்களின் விகிதத்தைத் தாண்டாது. உள்ளே 1 வளிமண்டலம், மறுபுறம் வெற்றிட பம்பால் 0.1 என்றால், பிரிதிறன் 30 ஆனாலும் 300 ஆனாலும் உச்சம் 10 சதவீதம்தான். சவ்வின் நீளத்தில் ஆவி குறைந்துகொண்டே போவதால், உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. விற்பனைத் தாள்களில் பிரிதிறனைப் பெரிதாகப் போடுவார்கள். நான் முதலில் பார்ப்பது பம்பை.

மறுமொழி 2:
ரப்பர் வகைச் சவ்வு என்ற தேர்வு சரியே. அதில் மூலக்கூறின் அளவைவிடச் சவ்வில் கரையும் திறனே மேலோங்குவதால், பெரிய மூலக்கூறான ஹெக்சேன் சிறிய நைட்ரஜனை முந்திச் செல்கிறது. திரவத் துளி பட்டால் சவ்வு உப்பிவிடும் என்பதால் முன்னால் ஒரு துளிப்பிரிப்பான் வேண்டும். வெற்றிட பம்பின் எண்ணெயில் ஹெக்சேன் கரைந்து அதை நீர்க்கச் செய்யும். எண்ணெயில்லாத பம்பே நல்லது. வெற்றிடப் பக்கத்தில் காற்றுக் கசிவையும் கண்காணியுங்கள், காற்றில் ஹெக்சேன் 1.1 முதல் 7.5 சதவீதம் வரை தீப்பற்றும்.

கேட்டவர்:
வாயுவை 4 வளிமண்டலத்துக்கு அழுத்தி, மறுபுறத்தை 0.2இல் வைத்தால் விகிதம் 20 ஆகுமே?

மறுமொழி 1:
ஆகும். ஆனால் 99 சதவீத நைட்ரஜனையும் சேர்த்து அழுத்தும் மின்செலவு உங்களுடையது. அதற்கு முன், நைட்ரஜனை உலர்த்திக்குள்ளேயே சுழலவிட்டு, செறிவு ஏறிய ஒரு பகுதியை மட்டும் சவ்வுக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். சவ்வைக் கடக்காத வாயு மறுபடி உலர்த்திக்கே போவதால், அதிலிருந்து கடைசித் துளி ஹெக்சேனையும் எடுக்க வேண்டியதில்லை. சவ்வுப் பரப்பும் குறையும்.